விடுவதா, தின்பதா, தூண்டிலே போடாமல் இருப்பதா?

ராடு, ரீல் எல்லாம் வாங்கியாச்சு. அந்தமானுக்கோ ராமேஸ்வரத்துக்கோ படகும் பேசியாச்சு. அப்புறம்தான் குழுவுக்குள் இந்தப் பேச்சு கிளம்பும். "பிடிச்சு, ஒரு போட்டோ எடுத்து, விட்டுடலாம். அதுதான் நாகரிகம்" என்பார் ஒருவர். "திங்கறதுக்கு இல்லாம எதுக்கு மீன் பிடிக்கணும்?" என்பார் இன்னொருவர். கூட வராமல் வீட்டிலிருந்து போனில் பேசும் மூன்றாமவர், "பாவம், அதை ஏன்டா தொந்தரவு பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விவாதம் வழக்கமாக 'யார் நல்லவர்' என்ற இடத்துக்குப் போய்விடும். விடுகிறவர் இரக்கமுள்ளவர், எடுத்துப்போகிறவர் பேராசைக்காரர் என்று ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு எனக்கு ஒத்துப்போகாது. நானும் தூண்டில் போடுகிறவன்தான், அதனால் மூன்றாவது வழிக்காரரைப் போலச் சுத்தமான கையோடு எழுதவில்லை. மூன்று வழிகளிலும் மீனுக்கு என்ன ஆகிறது, கடலுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்கிறேன்.

முதல் வழி: பிடித்து விடுவது

இது சின்னப் பழக்கம் இல்லை. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 4,700 கோடி மீன் பிடிக்கிறார்கள், அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப விடுகிறார்கள் என்று 2004-ல் ஒரு மதிப்பீடு வந்தது. கனடாவின் புள்ளிவிவரத்தை உலகத்துக்கு விரித்துப் போட்ட கணக்கு அது. ஆகவே எண்ணைக் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்ளுங்கள். அளவு புரிந்தால் போதும்.

இந்த வழியின் வாதம் முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: விட்ட மீன் பிழைக்கிறது. தண்ணீரில் வைத்ததும் வாலை ஒரு வீசு வீசிவிட்டு உள்ளே போய்விடுகிறது, நமக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நாம் பார்ப்பதில்லை. பார்க்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 274 இறப்பு மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. விட்ட மீன்களில் செத்துப்போனவை சராசரியாக 18 சதவீதம். மதிப்பீடுகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது 11 சதவீதம். சராசரி இவ்வளவு மேலே போனதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான இடங்களில் சாவு குறைவு. சில இடங்களில் கொத்துக்கொத்தாகச் சாவு.

அந்தச் சில இடங்கள் எவை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் தூண்டில் முள். வெள்ளை மார்லின் என்ற பெரிய கடல்மீன்களைப் பிடித்து, செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவியை மாட்டி விட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. சர்க்கிள் ஹூக்கில் பிடித்த 20 மீன்களில் 20-ம் பிழைத்தன. சாதாரண ஜே வடிவ முள்ளில் பிடித்த 20-ல் பிழைத்தவை 13. மீனும் கடலும் ஒன்று, முள்ளின் வளைவு மட்டும்தான் வேறு. சர்க்கிள் ஹூக்கின் முனை உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். மீன் இரையை முழுங்கி நகரும்போது தங்கூஸ் (தூண்டில் நரம்பு) இறுகும். முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் திரும்பி மாட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: வெட்டி இழுக்கக் கூடாது. தங்கூஸ் இறுக இறுக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 'கடிச்சதும் ஒரு வெட்டு வெட்டு' என்று சின்ன வயதில் பாலத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கை இதற்கு லேசில் பழகாது. அமெரிக்காவில் மார்லின், மயில்மீன் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் சர்க்கிள் ஹூக்தான் என்று 2008 முதல் சட்டமே இருக்கிறது.

அடுத்தது காற்று. கனடாவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1992-ல் வெளிவந்தது. டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை நீந்தவிட்டார்கள். அப்படியே தண்ணீரில் விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்திருந்து விட்டவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்திருந்தவற்றில் 72 சதவீதம். எல்லாம் 12 மணி நேரத்துக்குள். டிரவுட் குளிர்ந்த நன்னீர் மீன், நம் பாறை மீனும் வஞ்சிரமும் வேறு ஜாதி. இந்த எண்களை அப்படியே ஒட்டவைக்க முடியாது. போக்கு மட்டும் பொதுவானது. சண்டை போட்டுக் களைத்த மீனுக்கு அந்த நேரத்தில் தேவை ஆக்ஸிஜன், நாம் கொடுப்பதோ போட்டோ. "இந்தப் பக்கம் திருப்புடா, வெயில் அடிக்குது, இன்னொண்ணு எடு" என்று சொல்லி முடிப்பதற்குள் 60 விநாடி போய்விடும். சூரை போன்ற மீன்களின் நிலைமை இன்னும் மோசம். ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவற்றின் செவுள் வழியாகத் தண்ணீர் பாயும். நிறுத்தினாலே மூச்சு நின்றமாதிரிதான்.

மூன்றாவது ஆழம். இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 30 மீட்டர் ஆழத்தில் ஜிக் (எடையுள்ள உலோகப் போலி இரை) போட்டு ஒரு களவா மாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. மேலே வர வர அதன் காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு நான்கு மடங்காக விரியும். பாதி தூரம் வரை திமிறும் மீன், மேல்பரப்புக்கு வரும்போது துணிமூட்டை மாதிரி சும்மா வரும். கண் பிதுங்கி நிற்கும். வாய்க்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது நாக்கு இல்லை, உள்ளிருந்து தள்ளப்பட்டு வெளியே வந்த இரைப்பை. முள்ளை எடுத்து 'போ' என்று விட்டால் போகாது. போக முடியாது, உள்ளே பலூன் இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து, வாலை அடித்து அடித்து, மிதந்துகொண்டே படகைவிட்டு விலகும். செம்பருந்து பார்த்திருந்தால் மிச்ச வேலை அதனுடையது. படகில் இருப்பவர்கள் இதையும் 'விட்டுட்டோம்' கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. மீனை வந்த ஆழத்துக்கே திரும்ப இறக்கினால் வாயு மறுபடி சுருங்கும். அதற்கென்றே எடைகட்டிய இடுக்கிகள் விற்கிறார்கள். அமெரிக்கா மெக்சிகோ வளைகுடாவில் பவளப்பாறை மீன் பிடிக்கும் படகுகள் இப்படி ஒரு கருவியையோ, வாயுவை வெளியேற்றும் ஊசியையோ கையெட்டும் இடத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. கடையில் வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. மீன் அள்ளும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து, ஓரங்களில் எடை கட்டி, அடிப்பக்கத்தில் கயிறு கட்டினால் அதுவே போதும். மீன் கிரேட்டுக்குள் மிதந்தபடி கீழே போகும், ஆழம் போனதும் தானே நீந்தி வெளியேறும். நம் ஊர்ப் படகில் கிரேட்டுக்கா பஞ்சம்? ஆனாலும் அதை இந்த வேலைக்கு எடுத்துப் பார்ப்பவர்கள் அபூர்வம். வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது, அதற்கு இந்தத் தொல்லையும் இல்லை. களவா, சங்கரா, செப்பிலி எல்லாம் மாட்டிக்கொள்ளும் ரகம்.

எதிரிகளையும் சொல்ல வேண்டும். பஹாமாஸில் போன்ஃபிஷ் என்ற ஆழமில்லாத கடல்மீனை விட்டபின் தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டது இது: நிலைதடுமாறி, சாய்ந்தபடி நீந்தும் மீன்களைச் சுறா பல மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. களைத்த மீன் எப்படி நீந்தும் என்று சுறாவுக்குத் தெரியும். சுறா சுற்றும் இடத்தில் 'விடுவது' என்பது பல நேரம் அதற்குப் பந்தி வைப்பதுதான்.

நூற்றுக்கு ஒன்பது

எனக்கு இந்த விவாதத்தில் மிகவும் உறைத்த கணக்கு அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலிருந்து வருகிறது. ஸ்ட்ரைப்ட் பாஸ் என்று ஒரு மீன். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள், நல்ல சண்டைக்காரன், நல்ல ருசி. 1980-களில் அடியோடு சரிந்தது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே தடை செய்தது. 1995-ல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். மீண்டதில் தூண்டில்காரர்களுக்கும் பங்கு உண்டு. குட்டிகளை விட்டார்கள், விடுவதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். 1990-க்குப் பிறகு பொழுதுபோக்காகப் பிடிபட்ட ஸ்ட்ரைப்ட் பாஸ்களில் பத்தில் ஒன்பது பங்கு உயிரோடு திரும்பப் போயிருக்கின்றன. இதைவிட நல்ல கதை முதல் வழிக்குக் கிடைக்காது.

ஆனால் 2019-ல் வந்த இருப்பு மதிப்பீடு, மீன் மறுபடி அளவுக்கு மீறிப் பிடிபட்டுவிட்டது என்றது. எங்கே போயிற்று? விட்ட மீன்களில் நூற்றுக்கு 9 சாகும் என்று அங்கே நிர்வாகிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பது கேட்கச் சின்ன எண். ஆனால் வருடத்துக்குக் கோடிக்கணக்கில் விடும்போது அந்த ஒன்பது லட்சங்களாகிறது. 2020-ல் மனிதர்களால் செத்த ஸ்ட்ரைப்ட் பாஸ்களில் பாதிக்கும் மேல், யாரோ அன்போடு திரும்ப விட்டவை. வலைக்காரர் எடுத்ததையும், தூண்டில்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனதையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. அடுத்த வருடம் முதல் இரை போட்டுப் பிடிக்கிறவர்களுக்குக் கடற்கரை முழுக்க சர்க்கிள் ஹூக் கட்டாயமானது. மேரிலாந்து, தண்ணீர் சூடேறும் ஜூலை இரண்டாம் பாதியில் இந்த மீனுக்குத் தூண்டில் போடுவதையே நிறுத்தியது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, களைத்த மீன் தேறாது என்பது காரணம்.

ஒரு ஆளின் காலைப் பொழுதுக்கு இதைச் சுருக்கிப் பார்க்கலாம். ஒருவர் இரண்டு மீன் பிடித்து, இரண்டையும் எடுத்துக்கொண்டு, ராடை மடித்துவிட்டுக் கிளம்புகிறார். செத்தது இரண்டு. இன்னொருவர் மதியம் வரை நின்று நாற்பது மீன் பிடித்து, நாற்பதையும் விடுகிறார். நூற்றுக்கு ஒன்பது என்றாலே மூன்றரைக்கும் மேல். யாருக்கும் சோறாகாமல். முதல் ஆள் ஐஸ்பெட்டியோடு போவதைப் பார்த்து இரண்டாம் ஆள் முகம் சுளிப்பதும் நடக்கும்.

நம் பக்கத்துக் கடலில் வருடம் முழுக்க மேல்மட்டத் தண்ணீர் 28, 29 டிகிரி. கோடையில் அதற்கும் மேலே. இங்குள்ள மீன்கள் அந்தச் சூட்டுக்குப் பிறந்தவைதான், அதனால் அமெரிக்க ஜூலைக் கணக்கை நேராகப் போட முடியாது. ஆனால் குளிர்நாட்டு ஆய்வைக் காட்டி 'எல்லாம் பிழைச்சுக்கும்' என்று சொல்லவும் முடியாது. ஏப்ரல் வெயிலில் ஃபைபர் படகின் தரையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அதில் மீனைக் கிடத்தினால் அதன் வழுவழுப்புத் தோல் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வலி, விளையாட்டு, சட்டம்

எண்களை விட்டுவிட்டு இன்னொரு கேள்விக்கு வருவோம். நூற்றுக்கு நூறும் பிழைத்தால் சரியாகிவிடுமா?

2003-ல் உயிரியலாளர் லின் ஸ்னெடனும் அவர் சகாக்களும் டிரவுட்டின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மீன்கள் இடமும் வலமும் ஆடின, அமிலம் போட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, மறுபடி தின்ன ஆரம்பிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டன. முகத்தில் வலிக்கான நரம்பு முனைகள் இருப்பதும் தெரிந்தது. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. நமக்கு இருப்பதுபோன்ற மூளைப் புறணி மீனுக்கு இல்லை, அது வெறும் எதிர்வினை, உணர்ந்த வலி அல்ல என்பது அவர்கள் கட்சி. சண்டை இன்னும் ஓயவில்லை. நான் ஸ்னெடன் பக்கம் சாய்கிறேன். அதற்கு எளிய காரணம், சந்தேகத்தின் பலனைக் குத்துகிறவனுக்குக் கொடுக்காமல் குத்துப்படுகிறவனுக்குக் கொடுப்பதுதான் முறை.

வலி உண்டு என்று வைத்துக்கொண்டால் கேள்வி கூர்மையாகிறது. தின்னப் பிடிக்கிறவர் வலிக்கு ஒரு காரணம் காட்டுகிறார். விடுவதற்காகவே பிடிக்கிறவர் காட்டும் காரணம் தன் குஷி ஒன்றுதான். ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. முதுகெலும்புள்ள பிராணிக்கு நியாயமான காரணமின்றித் துன்பம் தருவது அங்கே குற்றம். சாப்பிடுவது நியாயமான காரணம், விளையாடிவிட்டு விடுவது அல்ல என்பதே அங்கு பொதுவான நிலைப்பாடு. சுவிட்சர்லாந்து 2008-ல் இன்னும் வெளிப்படையாக எழுதிவைத்தது: விடும் நோக்கத்தோடு தூண்டில் போடக் கூடாது. அதே சமயம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டார்ப்பன் என்ற பெரிய கடல்மீனை 2013 முதல் விட்டே ஆக வேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கவும் கூடாது. ஃப்ளோரிடாவில் கடமையாக இருக்கும் காரியம் ஜெர்மனியில் குற்றம். ஃப்ளோரிடாவின் சட்டம் மீனை இனமாகப் பார்க்கிறது, ஜெர்மனியின் சட்டம் தனித்தனி உயிராகப் பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவின் 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதன் அல்லாத எந்த உயிரும் 'விலங்கு'தான், மீனும் சேர்த்தி. உணவுக்காகக் கொல்வதற்கு அதில் விலக்கு உண்டு, தேவையற்ற வதை இல்லாதவரை. தூண்டில் விளையாட்டைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவில்லை.

சட்டத்தைவிட எனக்குக் கனமாகப் படுவது மீனை நம்பி வாழ்கிறவர்களின் மனநிலை. தென்மேற்கு அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் வெளியூர்க்காரர்கள் சால்மனைப் பிடித்து விடுவதைப் பார்த்து மனம் கசந்தார்கள். மீன் தன்னைக் கொடுக்க வருகிறது, அதோடு விளையாடினால் கோபித்துக்கொண்டு மறுவருடம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. நம் கரையில் யாரிடம் கேட்டாலும் இதன் பக்கத்தில் வரும் ஒரு பதில் கிடைக்கும். ஒரு முறை பாறை மீன் ஒன்றை விடப்போன நேரத்தில் படகோட்டி கேட்டார்: "சார், பசிக்குப் புடிச்சா கடலம்மா ஒண்ணும் சொல்லமாட்டா. இதைக் குத்தி, இழுத்து, மறுபடி உள்ள போடுறதுக்கு அவகிட்ட என்ன பதில் சொல்லுவீங்க?" என்னிடம் பதில் இல்லை. "பெருசாகி வரட்டும்ணே" என்று மழுப்பினேன். அவர் சிரித்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

முதல் வழிக்கு ஒரு வக்கீல்

இவ்வளவு சொன்னபிறகு அந்தப் பக்கத்து வலுவான வாதத்தையும் வைக்காவிட்டால் அநியாயம். அது இரக்கத்தின் மேல் நிற்பதில்லை, காவலின் மேல் நிற்கிறது. கடலில் இல்லாவிட்டாலும் நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. காவிரியில், தமிழ்நாடு கர்நாடக எல்லை ஒட்டி, கலிபோரே போன்ற இடங்களில் மஹசீர் என்ற பெரிய ஆற்றுமீனுக்கான தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை விட்டே ஆக வேண்டும், எடையைக் குறித்துவைக்க வேண்டும். திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களே வழிகாட்டிகளானார்கள். 1998 முதல் 2012 வரை அங்கு எழுதிவைத்த பதிவுகள்தான் பின்னாளில் அந்தத் திமில் மஹசீரின் சரிவை ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. 2018-ல்தான் அதன் அறிவியல் பெயர் உறுதியானது. அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் மீனாகவும் பட்டியலில் ஏறியது. வனவிலங்குக் காப்பகத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற சட்ட விளக்கத்தால் முகாம்கள் முடிந்தன. தூண்டில் போனது; வெடியும் வலையும் வைக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போயின.

கடலிலும் இது பொருந்தும் இடம் உண்டு. அந்தமானில் பெரிய பாறை மீனைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அந்த அளவு பாறை வளர வருடங்கள் ஆகும், சதையும் முரடு, சந்தையில் பெரிய விலையில்லை. பாப்பர் (தண்ணீரின் மேல்மட்டத்தில் இழுக்கும் போலி இரை) போட்டு, மேல்மட்டத்திலேயே பிடித்து, வாயோரத்தில் மாட்டிய ஒற்றை முள்ளை எடுத்து, தண்ணீரைவிட்டுத் தூக்காமல் விட்டால் அது பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆழக் கோளாறும் இல்லை. அந்த மீன் உயிரோடு இருப்பதால் ஒரு படகோட்டிக் குடும்பம் பல வருடம் சம்பாதிக்கிறது. வலி என்ற கேள்வி இங்கேயும் அப்படியேதான் நிற்கிறது. ஆனால் எதிர்த்தட்டில் வெறும் குஷி மட்டும் இல்லை.

'ட்ராலர்காரன் அள்ளிக் கொட்டறதுக்கு முன்னாடி நம்ம ஒரு மீன் என்ன?' என்ற வாதத்தை மட்டும் நான் கணக்கில் எடுப்பதில்லை. உலகில் மீன்பிடிப் படகுகள் வருடத்துக்குச் சுமார் 91 லட்சம் டன்னைப் பிடித்துவிட்டுக் கடலிலேயே வீசுகின்றன என்று ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அது பெரிய அநியாயம்தான். ஆனால் அந்த எண்ணால் என் கையில் இருக்கும் மீனின் நிலை மாறப்போவதில்லை.

இரண்டாம் வழி: தின்னப் பிடிப்பது

இதன் நேர்மை எனக்குப் பிடிக்கும். என்ன செய்தோம் என்பது ஐஸ்பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியும். கணக்கு மறையாது. பசிக்கு ஒரு எல்லை இருப்பதால், நிறுத்துவதற்கும் ஒரு இடம் கிடைக்கிறது.

ஆனால் இதிலும் இரண்டு ஓட்டை. ஒன்று, கொல்லும் விதம். பெரும்பாலான படகுகளில் மீன் தரையில் துடித்துத் துடித்தே சாகிறது. இல்லையென்றால் உயிரோடு ஐஸில் போட்டு மூடிவிடுகிறார்கள். அது நிமிடக் கணக்கில் இழுக்கும் சாவு. ஒரு மீனை நன்றாகப் பிடித்து ஒரு நிமிடத்தில் விடுகிறவரைவிட, பத்து மீனைத் தரையில் போட்டு மூச்சுத் திணறவைக்கிறவர் எந்த விதத்தில் மேல்? ஒரு சின்ன உருட்டுக்கட்டை போதும். கண்ணுக்குச் சற்று மேலே, தலையில் ஒரே அடி, உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட வேண்டும். ஜப்பானியர் மூளையில் கூர்கம்பியை இறக்கி ஒரு நொடியில் முடிப்பார்கள். மீனுக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது. துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இன்னொன்று, எதை எடுப்பது. குட்டியை விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேரளா 2015-ல் 14 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, பிறகு அதை 58 வகைகளாக்கியது. பெரியதைப் பற்றித்தான் யோசிப்பதில்லை. கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். ஆளுயரக் கொடுவாவைத் தூக்கி வந்தால் முட்டைக் களஞ்சியத்தையே தூக்கி வந்தமாதிரி. களவா நேர்மாறு, பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். பெரியதையே எடுத்துக்கொண்டிருந்தால் அது வாழும் கடற்பாறையில் ஆண் இல்லாமல் போகும். நடுத்தர அளவுதான் சட்டிக்கும் கடலுக்கும் தோது.

ஆக, தின்னப் பிடிக்கிறவருக்கும் விட வேண்டிய மீன் வந்தே தீரும். இரண்டாம் வழிக்காரர் 'நான் விடுகிற ஆள் இல்லை, எனக்கு சர்க்கிள் ஹூக் எதற்கு' என்று சொல்ல முடியாது. முள்முனையில் பின்னோக்கி நீட்டி நிற்கும் சிறு கொக்கியை பிளையரால் நசுக்கிவைப்பது, கிரேட்டைக் கயிறு கட்டித் தயாராக வைப்பது, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுவது எல்லாம் அவருக்கும்தான்.

மூன்றாம் வழி: போடாமல் இருப்பது

இதோடு வாதாட எனக்கு வாயில்லை. மீனுக்கு எந்தத் துன்பமும் தராத வழி இது ஒன்றுதான். மீனே சாப்பிடாதவர் இந்த வழியில் நின்றால் முழு மரியாதை. ஆனால் வாரம் இரண்டு நாள் சந்தையில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, தூண்டில்காரனைப் பார்த்து 'பாவம்' என்கிறவர் தன் பங்கை வலைக்காரரிடம் கொடுத்துவிட்டார், அவ்வளவே. செவுள்வலையில் இரவெல்லாம் மாட்டிக் கிடந்த மீன் அனுபவித்தது தூண்டிலைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

கடலுக்குப் போகும் ஆசைதான் காரணமென்றால் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே போதும். அந்தமானில் இடுப்பளவு ஆழத்திலேயே பாறைக்குட்டிகள் கூட்டமாகச் சுற்றும். தூண்டில்காரர்களுக்குள்ளேயே ஒரு பாதி வழியும் உண்டு: முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் பாப்பரை வீசுவது. பெரிய மீனை மேலே கிளப்பிக் காட்ட, ஃப்ளை (இறகில் கட்டிய லேசான போலி இரை) போடுகிறவர்கள் செய்வதுதான். பாறை வந்து மோதும் அந்த வெடிப்பு, தண்ணீர் சிதறுவது, நெஞ்சு ஒரு நிமிடம் நிற்பது எல்லாம் கிடைக்கும்; போட்டோ மட்டும் கிடைக்காது. நண்பர்கள் சிரிப்பார்கள்.

நான் எதை எடுப்பேன்

இரண்டாம் வழியை. இன்று வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கரையிலேயே பேசிவைத்துக்கொண்டு, அது கிடைத்ததும் முள் போட்ட தூண்டிலைச் சுருட்டிவிடுவது. அதன்பிறகும் கை அரித்தால் முள்ளில்லாத பாப்பர். அளவு தவறி வந்ததை, தடை செய்யப்பட்டதை, பெரியதை விட வேண்டிவந்தால் ஒழுங்காக விடுவது, விட்டதில் ஒரு பங்கு சாகும் என்று தெரிந்தே விடுவது. 30 மீட்டருக்குக் கீழே களவா, சங்கராவைத் தேடிப்போனால் முதலில் வருவதை வைத்துக்கொண்டு இடத்தை மாற்றிவிடுவேன். அங்கே நின்று 'சின்னது, விடு, அடுத்தது' என்று விளையாடுவது எந்தக் கணக்கிலும் தேறாது.

முதல் வழியை முழுக்கத் தள்ளவில்லை. மேல்மட்டத்தில் பிடிபடும், தின்ன உதவாத, உயிரோடு இருந்தால் உள்ளூருக்கு வருமானம் தரும் பெரிய மீன் என்றால் அது நிற்கும். அங்கேயும் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வேண்டும். விடுகிறோம் என்பதற்காக எண்ணிக்கை இல்லாமல் போவதைத்தான் ஸ்ட்ரைப்ட் பாஸ் கதை அம்பலப்படுத்துகிறது. எடைக்கும் எண்ணிக்கைக்கும் பரிசு கொடுத்து, வண்டி வண்டியாகப் பிடித்து, மேடைக்குக் கொண்டுபோய் எடைபோட்டு, பிறகு 'விடும்' போட்டிகளுக்கு நான் போகமாட்டேன்.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் தனியாக. முதல் மீனைப் பிடித்ததும் "விட்டுடலாம்ப்பா" என்று அது அழும். ஆழமில்லாத இடம், வாயோரத்தில் மாட்டியது என்றால் விடச் சொல்லுங்கள், கையை நனைத்துவிட்டுத் தொடக் கற்றுக்கொடுங்கள். தொண்டையில் முள் இறங்கி ரத்தம் வருகிற மீன் என்றால், அது பிழைக்காது, இன்று மதியம் நாம் சாப்பிடுவோம் என்று அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

போட் பேசும்போது விலைக்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: என்ன முள் போடுகிறீர்கள், எத்தனை மீட்டரில் நிறுத்துவீர்கள், மிதக்கிற மீனை எப்படிக் கீழே அனுப்புவீர்கள், மீன் போதும் என்றால் பாதி நேரத்தில் திரும்பினாலும் அதே வாடகைதானா. கடைசிக் கேள்விக்கு "அதே வாடகைதான் சார், சீக்கிரம் வந்தா எனக்கு டீசல் மிச்சம்" என்று சொல்கிற ஆள் கிடைத்தால் அவருக்கே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.